பாத்டப்பா? பாட்டியா?

கள்ளக்குறிச்சிப் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஒரு ஆசை. ஹாலுக்கு பெயின்ட், சமையலறைக்கு கிரானைட், அதெல்லாம் முடிந்த பிறகு மிச்சக் காசில் பாத்ரூமை "ஹோட்டல் மாதிரி" ஆக்கிவிட வேண்டும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் மகன் போனில் படம் அனுப்புகிறான். வெள்ளைக் குளியல் தொட்டி, தலைக்கு மேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஷவர், சுவர் முழுக்க மார்பிள் மாதிரி பளபளக்கும் டைல்ஸ். அப்பா அந்தப் படத்தைக் கொத்தனாரிடம் காட்டுகிறார். கொத்தனாரும் "பண்ணிடலாம் சார்" என்கிறார். (எதைக் காட்டினாலும் அவர் பண்ணிடலாம் என்றுதான் சொல்வார்!)

இந்த மொத்தப் பேச்சிலும் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த பாத்ரூமில் தினமும் குளிக்கப் போவது யார்?

பணம் அனுப்பும் மகன் வருஷத்துக்கு ஒரு முறை, இருபது நாள் லீவில் வருகிறான். மீதி நாளெல்லாம் அதில் குளிப்பது அறுபது தாண்டிய அப்பா, மூட்டுவலி உள்ள அம்மா, எழுபத்தைந்து வயசுப் பாட்டி. படத்தில் இருப்பது மகனின் ஆசை, வழுக்கப்போவது பாட்டியின் கால். கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் குளியலறையை மாற்றத் திட்டம் போடுகிற யாரும் முதலில் இந்தக் கணக்கைப் போட வேண்டும். தொட்டி ஏற்கெனவே இருந்தால் அதை எடுத்துவிடுவதே நல்லது, இல்லாவிட்டால் புதிதாக வைக்கவே வேண்டாம்.

தொட்டியின் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். சாதாரணமாகக் கிடைக்கும் தொட்டி ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம். இங்கே பல வீடுகளில் பாத்ரூமே நாலுக்கு ஆறு, மிஞ்சிப்போனால் ஐந்துக்கு ஏழு. தொட்டியை வைத்துவிட்டால் மனிதன் நிற்க இடம் இல்லை. அதன் விளிம்பு தரையிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை அடி உயரம். புடவை கட்டிய ஒரு வயசான அம்மா ஈரக் காலோடு ஒற்றைக் காலில் நின்று, இன்னொரு காலை அந்த விளிம்பைத் தாண்டித் தூக்கி வைக்க வேண்டும். சர்க்கஸில் இதற்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவார்கள். கடைசியில் என்ன ஆகிறது? ரெண்டு மாசத்தில் தொட்டி ஊறப்போட்ட துணிக்கும், தண்ணீர் வராத நாளில் பிடித்து வைக்கும் தண்ணீருக்கும் என்று ஆகிவிடுகிறது. அந்த வேலைக்கு சிமென்ட் தொட்டியே போதுமே, தாத்தா காலத்தில் இருந்ததைத்தானே இடித்துத் தள்ளினீர்கள்?

மாடியில் வைக்கிறவர்கள் எடையையும் பார்க்க வேண்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. நிறைந்த தொட்டி, உள்ளே ஒரு ஆள் என்றால் இருநூற்றைம்பது முன்னூறு கிலோ ஒரே மூலையில் உட்காருகிறது. பழைய தளத்தின் மேல் என்றால் இன்ஜினீயரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

அடுத்தது தண்ணீர். ஒரு பக்கெட் பதினைந்து முதல் இருபது லிட்டர். பெரும்பாலோர் ஒரு பக்கெட்டில் சுத்தமாகக் குளித்துவிட்டு வெளியே வருகிறார்கள், தலைக்கு ஊற்றினால் ரெண்டு. தொட்டியை நிரப்ப 150 முதல் 200 லிட்டர் வேண்டும். அதில் படுத்து எழுந்த பிறகு சோப்பு நுரையைக் கழுவ மறுபடியும் ஷவர். இந்திய தர நிர்ணய அமைப்பின் வீட்டுத் தண்ணீர்க் கணக்குப்படி, பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அதில் குளிக்க மட்டும் 55 லிட்டர். 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு வைத்த அளவும் 55 லிட்டர்தான், ஆனால் அது குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க என்று நாள் முழுமைக்கும்! நகரத்தானின் குளியலும் கிராமத்தானின் ஒரு முழு நாளும் ஒரே எண்ணில் வந்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். கல்வராயன் மலையில் பெய்கிற மழைதான் கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் கீழே இறங்கி வருகிறது. கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையில் தேங்குவதும் அந்தத் தண்ணீர்தான். அந்த மலை கிராமங்களில் ஒருவருக்கு மூன்று நாளைக்கான அளவு தண்ணீர் கீழே ஒரு தடவைத் தொட்டிக் குளியலில் ஓடிவிடுகிறது.

தொட்டியில் ஆபத்தும் உண்டு. 2018 பிப்ரவரி 24 அன்று துபாய் ஹோட்டல் ஒன்றில் நடிகை ஸ்ரீதேவி குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தபோதுதான் பல தமிழ் வீடுகளில் "பாத்டப்" என்ற வார்த்தையே பேசப்பட்டது. "ரெண்டடித் தண்ணீரில் ஒருத்தர் எப்படிச் சாக முடியும்?" என்று அப்போது ஆளாளுக்குத் துப்பறிந்தார்கள். ஜப்பான்காரரைக் கேட்டால் சொல்வார். தொட்டிக் குளியலை ஒரு பண்பாடாகவே வைத்திருக்கும் அந்த நாட்டில், சாலை விபத்தில் இறப்பவர்களை விட வீட்டுக் குளியலின்போது இறக்கும் முதியவர்கள் அதிகம். குளிரில் நடுங்கிய உடம்பு சூடான தண்ணீரில் இறங்கியதும் ரத்த அழுத்தம் விழுகிறது, மயக்கம் வருகிறது, முகம் தண்ணீருக்குள் போகிறது. அவ்வளவுதான்.

தொட்டி இல்லாத பாத்ரூம் மட்டும் பாதுகாப்பா என்றால், அதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அதிகம் இறப்பது அறுபது வயதைத் தாண்டியவர்கள். வயசானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் அது வெறும் எலும்பு முறிவு இல்லை. படுக்கை, படுக்கைப்புண், நெஞ்சில் சளி என்று வரிசையாக வரும். நடந்துகொண்டிருந்த பாட்டி மறுபடி நடக்காமலே போய்விடுவது எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது! கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26ல்தான் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது, அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். அதற்கு முன்பெல்லாம் இப்படி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ பாண்டிச்சேரி ஜிப்மருக்கோ ஓட வேண்டும். இப்போது ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துவிட்டது என்பது உண்மைதான், அதற்காக விழுந்து பார்க்க முடியுமா?

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எதை மாற்றுவது?

இணையத்தில் தேடினால் வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவுடையவை. அங்கே வீட்டின் சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். அதில் தண்ணீர் பட்டால் ஊறிப்போகும் என்பதற்காகத் தொட்டியைச் சுற்றி மூன்று பக்கமும் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் தகடு ஒட்டுகிறார்கள். அவர்களுக்கு ரெண்டு நாளில் வேலை முடிந்துவிடும். இங்கே செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு. தகடு ஒட்டினால் அதன் பின்னால் ஈரமும் கரப்பானும் குடியேறும். அதனால் இங்கே பொருந்துவது டைல்ஸ்தான், ஆனால் டைல்ஸ் என்பது மேல்சட்டை மாதிரி. உள்ளே இருப்பதுதான் பாத்ரூம்.

பலர் செய்யும் பெரிய தப்பு, பழைய டைல்ஸை உடைக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே புதுசை ஒட்டுவது. தூசி இல்லை, கூலி மிச்சம், கொத்தனாருக்கும் சந்தோஷம். ஆனால் தரை முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ உயர்ந்துவிடுகிறது. பாத்ரூம் தரை எப்போதும் வெளியறையை விடத் தாழ்ந்திருக்க வேண்டும், அந்தத் தாழ்வு போய்விட்டால் குளித்த தண்ணீர் படுக்கையறைக்கு நடந்து வரும். ஏற்கெனவே கசிவு இருந்திருந்தால் அதுவும் அடியில் அப்படியே இருக்கும். ஆறு மாசம் கழித்து பக்கத்து அறைச் சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் தோல் உரியும்போதுதான் தெரியும், மிச்சம் பிடித்த கூலி எங்கே போயிற்று என்று.

உடைத்து எடுத்தபிறகு நடக்கும் வேலைகளில் யாரும் போட்டோ எடுத்துப் போடாத மூன்று உண்டு. பைப், வாட்டம், வாட்டர் ப்ரூஃபிங். பழைய வீடுகளில் சுவருக்குள் இரும்பு பைப் இருந்தால் அது உள்ளே துருப்பிடித்து வழி சுருங்கியிருக்கும். சுவர் திறந்திருக்கும்போதே அதை மாற்றிவிட வேண்டும், சுடுதண்ணீர் வருகிற பைப்புக்குச் சாதாரண பி.வி.சி. கூடாது, சி.பி.வி.சி. வேண்டும். பூசுவதற்கு முன் பிளம்பரை அழுத்தம் ஏற்றி ஒரு இரவு முழுக்க நிறுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தச் சுவரை டேப் பக்கத்தில் வைத்து நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் டவல் கம்பிக்குத் துளை போடும்போது பைப்பில் ஓட்டை விழாது.

வாட்டம் கொத்தனாரின் கைப்பாடம். அடிக்குக் கால் அங்குலம் அளவில் தரை நானி ட்ராப்பை நோக்கி இறங்க வேண்டும். இப்போது வந்திருக்கும் ரெண்டுக்கு நாலு டைல்ஸைத் தரையில் போட்டால் வாட்டமே சரியாக வராது, பெரிய பலகை எப்படி மூலைக்கு வளையும்? தரைக்கு ஒன்றுக்கு ஒன்று சின்ன டைல்ஸ், சொரசொரப்பானது, அதுதான் சரி. கடையில் "ஆன்டி ஸ்கிட்" என்று சொல்லி எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். பெட்டியில் ஆர் 10 அல்லது ஆர் 11 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கலாம், அதை விட நல்ல பரீட்சை, ஒரு சொம்பு தண்ணீரை அதன் மேல் ஊற்றி, கொஞ்சம் சோப்பும் தேய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வாட்டர் ப்ரூஃபிங்கை "செலவு" என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. மொகஞ்சதாரோவின் பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். 4500 வருஷத்துக்கு முன் அதைக் கட்டியவர்கள் செங்கலை இடைவெளி தெரியாமல் நெருக்கி அடுக்கி, ஜிப்சம் சாந்து பூசி, அதற்குப் பின்னால் தண்ணீர் ஊறாதபடி நிலக்கீல் அடுக்கு ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வீடுகளுக்குள் இருந்த குளியல் மேடைகளுக்கும் வாட்டம் இருந்தது, தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசிய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. இத்தனைக்கும் வாரிசாகப் பிறந்துவிட்டு, ஒரு டப்பா கெமிக்கலை மிச்சம் பிடிக்கிறோம் என்றால் என்ன சொல்ல....

பூசி முடித்ததும் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், ட்ராப்பைத் துணியால் அடைத்து, வாசலில் சின்ன வரப்பு கட்டி, தரையில் ரெண்டு மூன்று அங்குலம் தண்ணீர் தேக்கி இருபத்து நாலு மணி நேரமாவது விட வேண்டும். நாற்பத்தெட்டு என்றால் இன்னும் நல்லது. கீழ்த்தளத்திலும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கொத்தனாருக்கு அடுத்த தவணைப் பணம். இந்த ஒரு நிபந்தனையை முதல் நாளே சொல்லிவிட்டால் வேலையின் தரமே மாறிவிடும்!

ஷவர் விஷயத்திலும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. தலைக்கு மேல் பெரிய ஷவர் மழை மாதிரிக் கொட்ட வேண்டுமானால் தண்ணீருக்கு அழுத்தம் வேண்டும். மாடி வீட்டில் மொட்டை மாடித் தொட்டிக்கும் தரைத்தளத்து ஷவருக்கும் பத்து பதினைந்து அடி உயர வித்தியாசமாவது கிடைக்கும். ஒற்றைத்தள வீட்டில் ஐந்தாறு அடிதான். அதில் மழை வராது, தூறல்தான் வரும். அப்புறம் அதற்கு ஒரு பம்ப், பம்புக்கு ஒரு கரண்ட் பில். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவில் ஷவரின் துளைகள் ஒவ்வொன்றாக வெள்ளை பூத்து அடைபடும். அதைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம். டைல்ஸில் படிந்த உப்புக்கு ஆசிட் ஊற்றுகிற பழக்கம் மட்டும் வேண்டாம், அது டைல்ஸுக்கு இடையில் இருக்கும் சிமென்டைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய சின்ன அறையில் அதை மூச்சிழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கைப்பிடி வைத்த சாதாரணக் கை ஷவர், அதன் கீழே ஒரு குழாய், பக்கெட், மக், உட்கார்ந்து குளிக்க ஒரு கனமான முக்காலி. பாட்டிக்கு இது போதும், பேரனுக்கும் இதுதான் வசதி.

மிச்சப்படும் தொட்டிக் காசில் செய்ய வேண்டியவை வேறு. குளிக்கிற இடத்திலும் கழிப்பறைப் பீங்கான் பக்கத்திலும் ஸ்டீல் கைப்பிடிகள், இடுப்பு உயரத்தில், செங்கல் சுவரில் ஆழமாக போல்ட் போட்டு. டவல் கம்பியை நம்பிப் பிடித்தால் அது கையோடு வரும். கழிப்பறை இந்தியன் மாடலாக இருந்தால், மூட்டுவலிக்காரர் இருக்கும் வீட்டில் இதோடு வெஸ்டர்னாக மாற்றிவிடுவது உத்தமம். கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்து கதவின் மேல் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவும் முடியாது, தள்ளினால் அவர் மேலேயே இடிக்கும். தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். ஹீட்டருக்கு சுவிட்ச் வெளியே, எர்த் சரியாக, மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரண்டைத் துண்டிக்கும் கருவி. பக்கெட்டில் தொங்கவிடும் ஹீட்டர் ராடைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறியலாம், தண்ணீர் சுட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தே போனவர்கள் உண்டு.

இந்த வேலை முடிய ரெண்டு வாரமாவது ஆகும். ஒரே பாத்ரூம் உள்ள வீடு என்றால் அதுவரை வீட்டில் இருப்பவர்கள் எங்கே குளிப்பது? ஆண்கள் மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். பெண்களுக்காகக் கொல்லையில் நாலு கழி நட்டு, தென்னங்கீற்றோ பழைய புடவையோ கட்டி ஒரு மறைப்பு போடுவார்கள். மேலே கூரை இருக்காது. பக்கத்து மாடியில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குளிக்க வேண்டும், விடியும் முன்னே முடித்துவிட வேண்டும். ரெண்டு வாரம் அதில் குளித்த பெண்களிடம் கேட்டால் தெரியும் அதன் லட்சணம்.

கல்வராயன் மலையில் பல வீடுகளுக்கு அந்த மறைப்புதான் நிரந்தர பாத்ரூம். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள் அவை (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில்). மார்கழி, தை மாசத்தில் அந்த உயரத்தில் விடிகாலைக் குளிர் எப்படி இருக்கும் என்று வெள்ளிமலைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கியவர்களுக்குத் தெரியும். விறகு அடுப்பில் சுடவைத்த ஒரு குடம் தண்ணீரோடு, கூரையில்லாத மறைப்புக்குள், பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிக்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் அதே இடம், மாதவிலக்கு நாளிலும் அதே இடம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது: "கூரையில்லாத மறைப்பு". இந்தியா முழுவதும் எடுத்தால் குளியலறை உள்ள வீடுகள் சுமார் 42 சதவீதம், கூரையில்லாத மறைப்பு உள்ளவை சுமார் 16 சதவீதம், மீதி வீடுகளுக்கு இரண்டும் கிடையாது. அதற்குப் பிறகு 2014 அக்டோபர் 2ல் தூய்மை இந்தியா திட்டம் வந்தது, கிராமத்தில் வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்துக் கழிப்பறை கட்டினார்கள். நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு எழுந்தது ஒரு ஆள் உட்காருகிற அளவு அறைதான், குளிக்கிற தரை அதில் கட்டாயமாக இல்லை. கூரையும் கதவும் உள்ள ஒரே இடம் அது என்பதால் பெண்கள் அதற்குள்ளேயே குளிக்கத் தொடங்கினால் அந்தத் தண்ணீரெல்லாம் கழிப்பறைக் குழிக்குள் இறங்குகிறது. மனிதக் கழிவு மக்குவதற்காக வெட்டிய குழி, குளியல் தண்ணீரையும் தாங்காது, சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பிவிட்டால் கழிப்பறையும் போச்சு, குளியலும் போச்சு.

இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. அதே சுவரை ஒட்டி இன்னொரு நாலுக்கு நாலு தரை, வாட்டம், மேலே ஒரு ஷீட், ஒரு கதவு, குளியல் தண்ணீருக்குத் தனியாக ஒரு உறிஞ்சு குழி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தனிநபர் உறிஞ்சு குழிகள் கட்டியிருக்கிறார்கள், ஆகவே ஊராட்சிகளுக்குக் கை பழகிய வேலைதான். கழிப்பறைக்கு ஒதுக்கும்போது குளிக்கும் தரைக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும், மலை ஊர்களுக்கு அதை முதலில் செய்ய வேண்டும். மணலும் சிமென்டும் வண்டியில் மேலே ஏற வேண்டியிருப்பதால் கீழே ஆகும் அதே வேலைக்கு அங்கே கூடுதலாகத்தான் ஆகும், அந்த வித்தியாசத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.